முகவரிப் பட்டியலிலிருந்து வண்டிப் பாதை வரை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "எதை வேண்டுமானாலும் எழுது, கவிதை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே முப்பத்திரண்டு வந்துவிட்டது" என்றார்கள். கவிதைக்கும் எனக்கும் வெகுதூரம் என்பதால் தைரியமாக ஒப்புக்கொண்டேன். நான் எழுதப் போவது எங்கள் வீட்டுச் சோற்றுப் பிரச்சினை. அதுவே ஒரு நல்ல கணக்குப் பாடமாகவும் அமைந்துவிட்டது.

என் அண்ணன் மதுரையில் சொந்தமாக ஒரு டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, ஓட்டுகிறார். சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து காலையில் பெட்டிகளை ஏற்றி, ஊர் முழுக்க 23 மருந்துக் கடைகளில் இறக்கிவிட்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை பேசியிருக்கிறது. டீசல் அண்ணன் கைக்காசு. ஆக, வண்டி எத்தனை கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறதோ அத்தனையும் எங்கள் வீட்டுக்கு மிச்சம்.

போன கோடையில் ஒருநாள். பட்டியலில் 19-ஆவதாக இருந்த கடைக்கு ஒரு பெட்டி இன்சுலின் போக வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும், அதே சமயம் உறையவும் விடக்கூடாது. அண்ணன் பட்டியலில் எழுதியிருந்த வரிசைப்படியே போனார். அந்தக் கடையை எட்டும்போது மணி மூன்று. பெட்டியில் வைத்திருந்த ஐஸ் முழுக்கக் கரைந்து தண்ணீர். கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை வாங்கி நான் யாருக்குப்பா கொடுக்கிறது? கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். வெப்பத்தில் வீரியம் போன இன்சுலினை வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, போட்டுக்கொள்கிற நோயாளிக்குத்தான் ஆபத்து. கிடங்கில் நாலாயிரத்துச் சொச்சத்தை அந்த மாத வாடகையில் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் கேட்டார்: "ஏண்டா தம்பி, மூணு வருசமா என்னமோ படிக்கிறியே, இந்த இருபத்து மூணு கடையை எந்த வரிசையில சுத்தணும்னு உங்க புத்தகத்துல ஏதும் இருக்கா?"

இருக்கிறது நண்பர்களே. தேடியதில் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் முகவரி

எல்லோரும் நேரே கணக்குக்குத்தான் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன், மூக்கு உடைந்தது. முகவரி என்பது எழுத்து. பாதைக் கணக்குக்கு வேண்டியதோ வரைபடத்தில் ஒரு புள்ளி. எழுத்தைப் புள்ளியாக்குவதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல்.

கிடங்கில் கொடுத்த பட்டியலில் 25 வரிகள் இருந்தன. உட்கார்ந்து பார்த்தால் இரண்டு கடைகள் இரண்டிரண்டு முறை, ஒன்றில் பழைய கதவு எண், இன்னொன்றில் புதிய எண். "மே.மாசி வீதி", "மேலமாசி", "வெஸ்ட் மாசி" என்று ஒரே தெருவுக்கு மூன்று எழுத்து. நமக்கு இது விளங்கும், கணிப்பொறிக்கு விளங்காது. எனவே முதல் காரியம், ஒரு தெருவுக்கு ஒரே பெயர் என்று தீர்மானித்துப் பட்டியல் முழுவதையும் திருத்தி எழுதுவது.

இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, உள்ளிருந்து வெளியே ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கம். ஆக "மேல ஆவணி மூல வீதி" என்று சொன்ன உடனே கோயிலுக்கு மேற்கே, சித்திரை வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவே என்று இடம் புலப்பட்டுவிடும். முகவரியே வரைபடம்! (வெளியூர் நண்பன் ஒருவன் 'மேல' என்றால் மாடி என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தில் மூன்று மாடி ஏறி இறங்கிய கதை தனி.)

ஊருக்கு வெளியே வளர்ந்த நகர்களில் இந்த வசதி கிடையாது. காந்தி நகரும் நேரு நகரும் எத்தனை ஊரில், ஒரே ஊரில் எத்தனை இடத்தில்! அங்கே கைகொடுப்பது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தையும் குறிக்கும். மதுரைக்கு 625. வரைபடத்தில் விழுந்த புள்ளி அந்தப் பின்கோடு பகுதிக்குள் இல்லையென்றால் ஏதோ தப்பு என்று உடனே பிடித்துவிடலாம்.

புள்ளி என்றால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டு எண்கள். மீனாட்சியம்மன் கோயில் ஏறத்தாழ வடக்கு 9.92, கிழக்கு 78.12. அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். அப்படியானால் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் 110 மீட்டர் அளவு, நான்காம் இலக்கம் 11 மீட்டர் அளவு. கடைவாசலில் வண்டி நிற்க நான்கு இலக்கமாவது வேண்டும். கணிப்பொறிக்கு முகவரி சரியாகப் புரியாதபோது, அது அந்தப் பகுதியின் நடுவில் பொத்தாம்பொதுவாக ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். என் பட்டியலில் மூன்று கடைகள் அச்சடித்தாற்போல் ஒரே புள்ளியில் இருந்ததைப் பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டேன். இன்னொரு கூத்து, இரண்டு எண்களையும் ஓரிடத்தில் இடம் மாற்றி எழுதிவிட்டேன். வடக்கு 78, கிழக்கு 9 என்றால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே வடதுருவக் கடல். குட்டி யானை அங்கே போகாது.

இதெல்லாம் தெரிந்த பின்பும் ஐந்து கடைகளுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. அண்ணன் ஒருநாள் வண்டி ஓட்டும்போதே ஒவ்வொரு கடைவாசலிலும் கைபேசியில் இடத்தைக் குறித்து எனக்கு அனுப்பினார். அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் முடிவு.

ஆறு குறுக்கே நிற்கிறது

புள்ளிகள் கிடைத்ததும் இரண்டிரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் வேண்டும். ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. செல்லூரும் சிம்மக்கல்லும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கம்தான், ஆனால் நடுவில் வைகை. பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றித்தான் வர வேண்டும். காக்கை பறக்கிற தூரம் காக்கைக்கு, நமக்குச் சாலைத் தூரம்.

சாலைத் தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான முறை இருக்கிறது. ஹாலந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடு கடைத்தெருவில் சுற்றிக் களைத்து, ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தபோது, காகிதம் பென்சில் இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்தது இது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959-இல். கிளம்புகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது எல்லாச் சாலைகளிலும் ஒரே வேகத்தில் ஊர்ந்து பரவுவதாகக் கற்பனை செய்யுங்கள். எந்தச் சந்திப்பை எண்ணெய் முதலில் தொடுகிறதோ அதற்கு அதுதான் மிகக் குறைந்த தூரம், இனி அது மாறாது. அங்கிருந்து மேலும் பரவும். இன்று கைபேசி வழிகாட்டிகளின் அடிப்படையும் இதுதான், அதன் மேல் வேகத்துக்காகப் பல தந்திரங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவழிப் பாதை இருக்கும் ஊரில் 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் போகும் தூரமும் திரும்பும் தூரமும் ஒன்றல்ல. ஆகவே 23 கடையும் கிடங்கும் சேர்த்து 24 இடத்துக்கு 24 பெருக்கல் 23, அதாவது 552 தூரங்கள் வேண்டும். என் பெஞ்ச் நண்பனும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கைபேசி வரைபடத்தைப் பார்த்து அட்டவணையை நிரப்பினோம். தூரத்துக்குப் பதில் நேரத்தைப் போடுவது இன்னும் நல்லது, ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு நேரம், பத்து மணிக்கு ஒரு நேரம் காட்டியதால் அதைக் கைவிட்டோம்.

வரிசைதான் பிரச்சினை

இனிமேல்தான் பாடம். 23 கடைகளையும் எந்த வரிசையில் சுற்றுவது? எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்பீர்கள். 5 கடைக்கு 120 வரிசை. 10 கடைக்கு 36,28,800. 15 கடைக்கு 1,30,767 கோடிக்கு மேல். வினாடிக்கு ஒரு கோடி வரிசையைச் சரிபார்க்கும் கணிப்பொறி இருந்தாலும் 15 கடைக்கு ஒன்றரை நாள், 20 கடைக்கு 7,700 வருடம். எங்கள் 23 கடைக்கோ ஏறத்தாழ 8 கோடி வருடம்! டைனோசர் காலத்தில் பொத்தானை அழுத்தியிருந்தால் இன்றைக்கு விடை வந்திருக்கும்.

கணித உலகில் இதற்கு 'பயண விற்பனையாளர் புதிர்' என்று பெயர். 1954-இல் டான்ட்ஸிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவர் அமெரிக்காவின் 49 நகரங்களுக்குச் சரியான விடை கண்டார்கள். 2006-இல் 85,900 புள்ளிகள் வரை தீர்த்தாகிவிட்டது. ஆனாலும் எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் விரைவாக முடிக்கும் என்று உறுதி சொல்லத்தக்க முறை இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை.

எவருக்கும் முதலில் தோன்றுகிற வழி, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போ என்பது. அண்ணனும் அதைத்தான் சொன்னார். அதில் என்ன தப்பு என்று ஒரு நேர்ச்சாலையை வைத்துப் பார்ப்போம். கிடங்கு நடுவில். கிழக்கே 1 கிலோமீட்டரிலும் 5 கிலோமீட்டரிலும் இரு கடைகள். மேற்கே 2-இலும் 10-இலும் இரு கடைகள். பக்கத்துக் கடைக்கே போகிறவர் முதலில் கிழக்கு 1-க்குப் போவார். அங்கிருந்து கிழக்கு 5-க்கு 4 கிலோமீட்டர், மேற்கு 2-க்கு 3 கிலோமீட்டர், ஆகவே மேற்கே திரும்புவார். அங்கிருந்து கிழக்கு 5-க்கு 7, மேற்கு 10-க்கு 8, மறுபடி கிழக்கே! கடைசியில் 15 கிலோமீட்டர் ஓடி மேற்கு 10, பிறகு 10 கிலோமீட்டர் கிடங்குக்கு. கூட்டினால் 1, 3, 7, 15, 10, ஆக 36 கிலோமீட்டர். கிழக்கை முதலில் முடித்துவிட்டு மேற்கே போயிருந்தால் 1, 4, 7, 8, 10, ஆக 30-தான். நாலே கடையில் 6 கிலோமீட்டர் வீண். ஊஞ்சல் மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடியதுதான் காரணம்.

இப்படி வந்த பாதையைச் செப்பனிட எளிய வழி ஒன்று உண்டு. பாதையை வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிறதா? அந்த இரண்டையும் அழித்துவிட்டு, வெட்டாமல் முனைகளை மாற்றி இணையுங்கள். முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதனால்தான் நீளம் குறைகிறது. இதைக் குரோஸ் என்பவர் 1958-இல் முறையாக எழுதினார். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், முனையை மாற்றினால் நடுவிலுள்ள பகுதி தலைகீழாக ஓட வேண்டிவரும், ஒருவழிப் பாதை இருந்தால் தூரத்தை மறுபடி கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான் இதோடு நிற்காமல் சரியான விடையையே தேடினேன். 1962-இல் ஹெல்ட், கார்ப் இருவரும், தனியாகப் பெல்மனும் சொன்ன முறை அது. சிம்மக்கல்லில் கிளம்பி அண்ணா நகர், கே.கே. நகர், கோரிப்பாளையம் மூன்றையும் முடித்துக் கோரிப்பாளையத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா நகர் முதலில் போனோமா, கே.கே. நகர் முதலிலா? இரண்டில் எது குறைவோ அதை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். ஏனென்றால் இனிப் போக வேண்டிய கடைகளுக்கு, நாம் எந்த வரிசையில் வந்தோம் என்பது தேவையில்லை. எவை முடிந்தன, இப்போது எங்கே நிற்கிறோம் என்ற இரண்டே போதும். இவ்வளவு சின்ன யோசனை 8 கோடி வருட வேலையைச் சுமார் 444 கோடிக் கணக்காகக் குறைக்கிறது. அதே கணிப்பொறியில் ஏழரை நிமிடம்! ஆனால் கடை ஒன்று கூடினால் வேலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், நினைவகத்தையும் சாப்பிட்டுவிடும். முப்பதைத் தாண்டினால் இந்த முறை வேண்டாம், கோடு வெட்டும் முறைக்கே போங்கள்.

கணிப்பொறியே இல்லையென்றால்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வெளியே போக முடியாத முதியோர்களுக்குத் தினமும் மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை ஒன்று இருந்தது. கணிப்பொறி வாங்கக் காசில்லை. பட்டியலோ அடிக்கடி மாறும். புதிதாக ஒருவர் சேர்வார், ஒருவர் மருத்துவமனைக்குப் போவார், ஒருவர் இறந்துபோவார். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜான் பார்த்தோல்டியும் பிளாட்ஸ்மனும் உடன் பணியாற்றியவர்களும் அவர்களுக்குச் செய்து கொடுத்த முறை 1983-இல் ஆய்விதழில் வெளிவந்தது.

அவர்கள் ஊர் வரைபடத்தின் மேல் ஒரே கோட்டை, நம்ம ஊர்ச் சிக்குக் கோலம் மாதிரி, வளைத்து வளைத்து எல்லா இடத்தையும் தொடும்படி ஓடவிட்டார்கள். கோட்டில் எவ்வளவு தூரத்தில் ஓர் இடம் வருகிறதோ அதுதான் அந்த இடத்தின் எண். வரைபடத்தின் கட்டத்தைப் பார்த்தால் அட்டவணையில் எண் கிடைத்துவிடும். ஒவ்வொரு முதியவருக்கும் இரண்டு அட்டை. ஒன்று பெயர் வரிசையில், மற்றது எண் வரிசையில். எண் வரிசையில் இருக்கும் அட்டைக் கட்டே அன்றைய பாதை! நாலு ஓட்டுநர் என்றால் கட்டை நாலாகப் பிரித்துக் கொடுத்தால் முடிந்தது. ஒருவர் போய்விட்டால் அட்டையை உருவிவிடலாம், புதியவர் வந்தால் அவர் எண் இருக்கும் இடத்தில் செருகலாம். மற்ற எதையும் தொட வேண்டாம். இப்படி வரும் பாதை மிகச் சிறந்த பாதையைவிடச் சராசரியாக 25 சதவீதம் நீளம்தான். அட்டையை அடுக்குவதோடு வேலை முடிகிறது என்று பார்த்தால் அது பெரிய விஷயம்.

யோசித்தால் நம் தபால்காரர் செய்வதும் இதற்குச் சொந்தக்கார வேலைதான். கிளம்பும் முன் கடிதங்களைத் தாம் நடக்கிற வரிசையில் அடுக்கிக்கொள்கிறார் அல்லவா?

மறுபடி அண்ணனிடம்

கணக்கு முடிந்தது. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த பாதை 74 கிலோமீட்டர். கணிப்பொறி கொடுத்தது 58. பெருமையாகத் தாளை நீட்டினேன். அண்ணன் ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, இன்சுலின் கடை பதினாலாவதா இருக்கு."

எனக்கு முகம் செத்துவிட்டது. எதற்காக இந்த வேலையை ஆரம்பித்தேனோ அதையே மறந்திருக்கிறேன். இன்சுலின் கடையை முதல் மூன்றுக்குள் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தி மறுபடி ஓட்டியதில் 61 கிலோமீட்டர் வந்தது. அந்த மூன்று கிலோமீட்டரை நான் தண்டம் என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் அதோடு விடவில்லை. "கீழமாசி வீதிக்குப் பத்து மணிக்கு மேல போகச் சொல்லுது உன் பெட்டி. மொத்தக் கடைக்கு லாரி நிக்கிற நேரத்துல உள்ள நுழைஞ்சா வெளிய வர ஒரு மணி நேரம் ஆகும், தெரியுமா?" என்றார். அதையும் முன்னே கொண்டுவந்தோம். மதியம் ஒன்றரைக்குச் சாத்தி நாலரைக்குத் திறக்கிற கடைகள் இரண்டு இருந்தன, அவற்றையும் குறித்தோம். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளை அட்டவணையிலிருந்தே அடித்துவிட வேண்டும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலோ ஆற்றைத் தாண்டும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். பெரிய சாலையில் வலது பக்கம் திரும்பும் இடங்களைக் கூடியவரை தவிர்த்தோம், எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்து நிற்பதில் டீசல் போகிறது. அமெரிக்காவில் யு.பி.எஸ். நிறுவனம் இதே காரணத்துக்காகத் தன் வண்டிகளை இடப்பக்கம் திரும்புவதைக் குறைக்கச் சொல்கிறது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள் அல்லவா, அதனால் நமக்கு நேர் எதிர்.

இயந்திரவியல் மாணவனாகிய நான் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. பாதையை மாற்றிய முதல் நாள், பெட்டிகளைப் பழைய வரிசையிலேயே ஏற்றிவிட்டோம். முதல் கடைப் பெட்டி அடியில். நடுத்தெருவில் பாதி வண்டியை இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்ற வேண்டும் என்பது கிடங்குக் கூலியாள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை. இப்போது பாதைத் தாளைத் தலைகீழாக இன்னொரு பிரதி எழுதி ஏற்றுபவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

இதையெல்லாம் சேர்த்து இன்று ஓடுவது 64 கிலோமீட்டர். நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் மிச்சம், வண்டி திரும்புவது ஒரு மணி நேரம் முன்னதாக.

இந்த மாதம் 24-ஆவது முகவரி வந்திருக்கிறது. "தெப்பக்குளம் மேல்கரை தாண்டி, பழைய மாவு மில் சந்து, கோயிலுக்கு அடுத்து" என்று எழுதியிருக்கிறார்கள். கதவு எண் கிடையாது, பின்கோடு கிடையாது. கைபேசியில் போட்டால் தெப்பக்குளத்தின் நடு மண்டபத்தில் புள்ளி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சந்தைத் தேடப் போகிறோம்.